மான் போன பக்கம்

அசையக் கூடாது என்று முடிவு செய்த நிமிஷத்திலிருந்துதான் அறவாழிக்கு மூக்கு அரிக்கத் தொடங்கியது. மூக்குக்கென்று தனியாக ஒரு புத்தி இருக்கிறது. வீட்டில் சோபாவில் கிடக்கும்போது அரிக்காது, ஆபீஸ் மீட்டிங்கில் அரிக்காது; இங்கே அமெரிக்காவில், விஸ்கான்சினின் ஒரு மூலையில், கூட வேலை பார்க்கும் டேரலின் சோளக்காட்டை ஒட்டிய ஓக் தோப்பில், விழுந்து கிடக்கும் பெரிய மரத்துக்குப் பின்னால் மடக்கு ஸ்டூல் போட்டு, மடியில் வில்லை வைத்துக்கொண்டு மானுக்காக உட்கார்ந்தால்தான் அரிக்கும். விவரமானவர்கள் ஏணி சாத்தி மரத்தின் மேல் பரண் கட்டி உட்காருவார்கள். உயரத்தில் இருப்பவனை மான் சுலபத்தில் பார்க்காது, அவன் வாசமும் தலைக்கு மேலேயே போய்விடும். அறவாழி இரண்டாவது மாடி பால்கனியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். ஆகவே தரை. தரையில் உட்கார்ந்தவனுக்கு மானின் கண்ணும் தன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். இமைத்தால் தெரியும், எச்சில் விழுங்கினால் தெரியும், நினைத்தால்கூடத் தெரிந்துவிடும் போலத்தான் அவனுக்குப் பல சமயம் தோன்றியிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, வில் வாங்கி இத்தனை வருஷத்தில் ஒரு மான்கூட அவன் அம்பில் விழுந்ததில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஒவ்வொரு வருஷமும் காற்றைச் சொல்வான், அணிலைச் சொல்வான், சூரியனைச் சொல்வான். இன்றைக்குச் சொல்ல நியாயமான காரணம் ஒன்று இருந்தது. சட்டைப் பையில், இடது மார்புக்கு மேல், ஃபோன். மணி அடிக்காமல் அதிரும்படி வைத்திருந்தான். மத்தியானத்துக்குள் ரங்கநாயகி கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து தனக்கு வந்த சேதியை அவனுக்குச் சொல்வாள். அவள் மார்பிலிருந்து ஊசி போட்டு எடுத்த துணுக்கு நல்லதா கெட்டதா என்ற சேதி.

ஃபோன் அதிர்கிற மாதிரி இருந்தது. இல்லை, அது நெஞ்சு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் எது எது என்று எப்படித் தெரியும்? வலது பையில் வைத்திருக்கலாம். இப்போது மாற்றினால் கை அசையும். அசைந்தால் என்ன, மானா நிற்கிறது இங்கே, ஒன்றையும் காணோம், மாற்றித் தொலையேன். மாற்றவில்லை. கட்டி இருப்பதும் இடது பக்கம்தான். ஆவணியில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, சோப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதைப் போலச் சொன்னாள், "மாமா, இங்க என்னமோ தட்டுப்படுது." அன்றிலிருந்து அவன்தான் நடந்துகொண்டிருக்கிறான். ஹாலில், மாடியில், கராஜில், ராத்திரி அவள் தூங்கிய பிறகு ஃபோனில் கண்டதையும் படித்துக்கொண்டு. அவளுக்குக் கட்டி, இவனுக்கு நடை. செவ்வாய்க்கிழமை ஊசி போட்டு வந்த பிறகு அவளே ஒருநாள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள், "நீங்க இப்படி நடந்தீங்கன்னா தரைவிரிப்புத்தான் தேயும். எனக்கு ஒண்ணும் ஆவாது." ஒன்றும் ஆகாது என்று யார் யாருக்குச் சொல்ல வேண்டியது. நேற்றுச் சாயங்காலம் அவன் ஆபீஸிலிருந்து வந்தபோது சமையலறையில் குழாய் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் விளக்கைத் தேய்க்க எடுத்து, தேய்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். நாமக்கல்லில் குடம் தண்ணீருக்குக் காத்துக் கிடந்து வளர்ந்தவள் அவள். சொட்டுத் தண்ணீர் வீணானாலும் அவனைத் திட்டித் தீர்ப்பாள். அவன்தான் போய்க் குழாயை மூடினான். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஃபோன் பண்றோம்னு சொல்லீருக்காங்க மாமா. வந்ததும் நானே உங்களக் கூப்புட்டுச் சொல்றன். நீங்க காலையில கெளம்பி மானுக்குப் போங்க."

போங்க என்றாள். இதுதான் முள் மாதிரி தைத்துக்கொண்டே இருந்தது. இது புரட்டாசி. புரட்டாசியில் வீட்டுக்குள் முட்டை வராது, கருவாட்டுப் பேச்சு வராது. மான் வேட்டைக்குச் சட்டப்படி கதவு திறக்கிற நேரம் பார்த்துப் புரட்டாசியும் வந்து நிற்கும். அமெரிக்கக்காரனுக்குப் புரட்டாசி தெரியாது, பெருமாளுக்கு அமெரிக்கச் சட்டம் தெரியாது, நடுவில் அறவாழி. வருஷா வருஷம் சண்டை. வில்லைக் கராஜை விட்டு எடுக்கக் கூடாது என்பாள். புரட்டாசி சனிக்கிழமையென்றால் கேட்கவே வேண்டாம், கராஜ் பக்கம் அவன் நிழல் விழுந்தாலே பாத்திரங்கள் சத்தம் போடும். அப்படிப்பட்டவள் இன்றைக்கு, அதே புரட்டாசி சனிக்கிழமை அன்றைக்கு, இருட்டோடு எழுந்து தயிர்சாதம் கட்டி, மாவடு வைத்து, பையில் பழனி விபூதிப் பொட்டலத்தையும் வைத்து, வாசல் வரை வந்து, "போயிட்டு வாங்க மாமா" என்றாள். பெருமாள் வீட்டில் பழனி விபூதி எப்படி என்று கேட்கக் கூடாது. அவளுக்குச் சாமிகளுக்குள் பேதமில்லை. வழி விட்டாள், அவ்வளவுதான். கட்டி வந்தவளுக்கு மனசு விரிந்துவிட்டது போலிருக்கிறது, ஒரு புருஷன் ஒரு நாள் மான் பார்த்துவிட்டு வரட்டுமே என்று நினைத்திருப்பாள். அல்லது இவன் வீட்டில் இருந்தால் நடந்தே கொல்வான் என்று. சரி, வந்தாயிற்று. வந்தவனுக்கு உடம்புதான் உட்கார்ந்திருக்கிறது. மனசு எழுந்து நின்று ஹாலில் நடக்கிறது.

விடிந்ததும் ஒன்று வந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான், நினைக்காமல் இருக்கப் பார்த்தால் அது இன்னும் பக்கத்தில் வந்து நின்றது. கன்று. இந்த வருஷத்துக் கன்று, முதுகில் புள்ளிகள் மங்கிப்போய், தாயைத் தொலைத்துவிட்டதா இல்லை தாயே தூங்குகிறதா தெரியவில்லை, வலது பக்கத்துப் புதரிலிருந்து யாரோ கடைக்கு அனுப்பிய பிள்ளை மாதிரி சாவகாசமாக வந்தது. விழுந்து கிடந்த மரத்துக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடலாம், அங்கே நின்று மரப்பட்டையை மோந்தது. அதன் மூக்கின் ஈரம் தெரிந்தது. மூச்சு ஆவியாக வந்து கலைந்தது தெரிந்தது. இவன் மூச்சை நிறுத்தியிருந்தான். கன்று அவனைப் பார்த்தது. மரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தது, பிறகு கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தது, ஒரு காதை மட்டும் திருப்பியது. அடிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதன் பிறகு அது இடது பக்கமாக நடந்து, சோளக்காட்டுக்குள் போய்விட்டது. வலமிருந்து இடம். அப்போதுதான் அந்தச் சனியன் பிடித்த யோசனை வந்தது. மான் குறுக்கே போனால் சகுனம். எந்தப் பக்கம் போனால் நல்லது?

நல்லதுமில்லை கெட்டதுமில்லை என்றுதான் அவனை வளர்த்தார்கள். அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார், பட்டறையை வேண்டுமென்றே அஷ்டமியில், ராகுகாலத்தில் திறந்தார். பூனை குறுக்கே போனால் நின்று அதற்குப் பிஸ்கட் போடுவார். யாராவது சகுனம் என்று வாயெடுத்தால் போதும், "நரி எடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல உழுந்து புடுங்காம இருந்தாச் செரி" என்று ஒரே போடாகப் போடுவார். லாரிக்காரர்களே சிரித்துவிட்டுத்தான் பட்டறைக்கு வெளியே போய் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குச் சகுனமே தெரியாது. பயப்படுவதற்கும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது. ரங்கநாயகியைக் கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவாள். ஃபோன் பண்ணிக் கேட்கலாமா? ஏம்மா, உனக்குச் சேதி வருமுன்னே எனக்கு ஒன்று சொல்லு, மான் வலமிருந்து இடம் போனால் நீ பிழைப்பாயா? சீ. நினைப்புக்கு வெட்கமே இல்லை. அது கன்றுதானே, கன்று கணக்கில் சேராது என்று சொல்லிக்கொண்டான். சேராது என்று சொல்ல வேண்டி வந்ததே கணக்கில் சேர்த்துவிட்டான் என்பதற்கு அத்தாட்சி.

ஒரு தடவை அவள் சொல்லியிருக்கிறாள். அதைப் பிடித்துவிட்டால் போதும். சிகாகோவிலிருந்து இந்த ஊருக்குக் காரில் வந்த அன்று, சாமான்கள் முன்னே லாரியில் போய்விட்டன, மகள் நிறைமதி பின் சீட்டில் தூக்கம். பனி விலகாத காலை, ரோட்டைத் தாண்டி ஒரு மான் ஓடியது. பிரேக்கை அழுத்தினான். ரங்கநாயகி சீட் பெல்ட்டோடு கையைக் கூப்பினாள். "வலம் போச்சு மாமா! புது ஊர்ல நல்லாத்தான் இருப்பம்." அவன் சிரித்தான், நரி எடம் போனா என்ன என்று ஆரம்பித்தான், அவள் தொடையில் கிள்ளினாள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, கிள்ளிய இடம்கூட. மான் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடியது? அவள் பக்கத்திலிருந்து அவன் பக்கம் வந்தது. அப்படித்தான் தோன்றுகிறது. அவள் பக்கம் எது? கண்ணை மூடிப் பார்த்தால் அவள் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கிறது. அது அம்பாசடர்! அப்பாவின் அம்பாசடரை விஸ்கான்சின் ரோட்டில் எவன் கொண்டுவந்து விட்டான்? இந்த ஊர்க் காரில் ஓட்டுகிறவன் இடது பக்கம். அப்படியென்றால் அவள் வலது பக்கம். அப்படியென்றால் மான் வலமிருந்து இடம். அதுதான் வலம் போவதா? ஆனால் ஞாபகத்தில் அவள் இடது பக்கம்தான் இருக்கிறாள், நகர மாட்டேன் என்கிறாள், கையைக் கூப்பிக்கொண்டு. அவளைத் தூக்கி வலது பக்கம் உட்கார வைத்தால் மானும் சேர்ந்து திரும்பிக்கொள்கிறது. கிள்ளியது எந்தத் தொடையில்? இடது தொடையில். இல்லை, வலது தொடையில். இரண்டு தொடையிலும் இப்போது அரித்தது.

சருகு சத்தம். நெஞ்சு ஏறி இறங்கியது. அணில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், வேட்டைக்காரன் காதுக்கு அணிலெல்லாம் மான். இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு ஒரு அணில் ஆறு மான் நடக்கிற சத்தம் போடும். ஓக் கொட்டைகள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன. பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை விரல் நுனியால் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து ஊதாமல் உதிர்த்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேட்டைக்காரர்கள் மாவு வைத்திருப்பார்கள். அவனுக்கு விபூதி. பார்த்த அன்று ரங்கநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். இன்றைக்குக் காலையில் அவளே வைத்துவிட்டு, "காத்துப் பாக்கறதுக்காவது ஆவட்டும், நெத்தியிலதான் வெக்க மாட்டீங்க" என்றாள். சாம்பல் அவன் முகத்தைத் தாண்டிப் பின்னால் போனது. நல்லது, முன்னால் வருகிற மானுக்கு வாசம் போகாது. வாசத்துக்காக அவன் படாத பாடு கிடையாது. வேட்டைச் சட்டையைக் கராஜில் டப்பாவுக்குள், தாளிப்பு மணம் எட்டாத இடத்தில் வைப்பான். ஆபீஸ் கோட்டையும் அப்படித்தான் வைத்திருக்கிறான், வந்த நாள் முதலாக. மனுஷனுக்கும் மானுக்கும் சேர்த்து ஒளித்து வைத்த பெருங்காயம். ஆஸ்பத்திரியில் அந்த வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு அவள் வந்தபோது அவளிடம் எந்த மணமும் இல்லை. பயந்து போனான். பவுடர், எண்ணெய், எதுவும் பூசிக்கொண்டு வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்த மணம் இல்லாமல் அவள் யாரோ மாதிரி இருந்தாள். இனி அப்படியே ஆகிவிட்டால்? வீட்டில் அவள் மணமே இல்லாமல் போய்விட்டால்? ஆகாது. ஏன் ஆகாது? ஆகாது என்றால் ஆகாது. மண்டைக்குள் மறுபடி அந்தப் பாட்டு ஓடத் தொடங்கியது. ஊசி போடும் நாளைக் கொஞ்சம் முன்னால் தள்ளித் தர முடியுமா என்று கேட்க ஒரு நாள் காலை அந்த மார்பக மருத்துவ நிலையத்துக்கு அவன் கூப்பிட்டபோது ஃபோனில் ஓடிய பாட்டு, டிங் டிங் என்று பால்வாடிப் பிள்ளைக்கு வாசிப்பதுபோல், அதன் பிறகு தேன் தடவிய ஒரு பெண் குரல், அழைத்ததற்கு நன்றி, நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர். அதற்கப்புறம் அவள் என்னவோ சொன்னாள். பாட்டுத்தான் நினைவில் நின்றது. நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர், டிங் டிங். முக்கியமானவர், டிங்.

அணில் சட்டென்று ஓய்ந்தது. அதுதான் முதல் அடையாளம். இடது பக்கம், சோளக்காட்டு ஓரத்தில், மரங்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கோடு. காட்டில் எல்லாம் செங்குத்தாக நிற்கும்போது படுக்கையாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகு. பெரிய பெட்டை. தனியாக வந்தது. இடமிருந்து வருகிறது! வந்து அவனுக்கு எதிரே கடந்து வலது பக்கம் போனால், கன்று போனதற்கு நேரெதிர். எது நல்லதாக இருந்தாலும் இரண்டில் ஒன்று நல்லது, இது பெரியது, இதுதான் கணக்கு, அது கன்று. வா. வா தாயே. அவன் உடம்பு அவனைக் கேட்காமலே வேலையைத் தொடங்கியது. வில் மடியிலிருந்து எழுந்து நின்றது, வலது கையில் கட்டியிருந்த கொக்கி நாணைப் பிடித்தது. அவனுக்கு முன்னால் இரண்டு ஓக் மரங்கள். அவற்றுக்கு நடுவே உள்ள திறப்பில்தான் அம்பு போக வழி. அதற்கு வலது பக்கம் முழுக்கப் புதர். உட்கார்ந்த நிலையில் அந்தப் பக்கம் வில்லைத் திருப்பவும் முடியாது. ஆக, அடிப்பதென்றால் திறப்பில், நட்டநடுவில் அடிக்க வேண்டும். அடித்தால் மான் கடக்காது. பாதியில் விழுந்த மான் இடம் போனதா, வலம் போனதா? இதற்கு எந்தப் பஞ்சாங்கத்தில் பதில் இருக்கிறது? இத்தனை வருஷம் ஒரு மானுக்குத் தவம் கிடந்தவன், மான் வரும்போது அது கடந்து போகட்டும் என்று வேண்டுகிறான், வேண்டிக்கொண்டே நாணைப் பிடிக்கிறான். அப்பா பார்த்தால் பட்டறைச் சுத்தியலால் போடுவார்.

பெட்டை நின்றது. ஓக் கொட்டை ஒன்றை மென்றது. கடக்கென்று உடைகிற சத்தம் கேட்டது. மறுபடி நடந்தது. முதல் ஓக் மரத்துக்குப் பின்னால் அதன் தலை மறைந்த அந்த நொடியில் அவன் நாணை இழுத்தான், கன்னம் வரை வந்து நின்றது. இனி அது வெளியே வர வேண்டியதுதான். வந்தது. கழுத்து, பிறகு தோள், பிறகு நின்றுவிட்டது. திறப்பின் நட்டநடுவில், நாலு எட்டு வைத்தால் அவன் போய்த் தொடக்கூடிய தூரத்தில். அதன் தோலுக்குள் மூச்சு போய் வருவது தெரிந்தது. காதுகள் இரண்டும் அவன் பக்கம் திரும்பின. பார்க்கிறது. தலையைக் குனிந்து புல்லை மேய்வதுபோல் பாவனை செய்து, சடாரென்று நிமிர்ந்து பார்த்தது. கள்ளி. நீ அசைவாயா மாட்டாயா என்று சோதிக்கிறாள். முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஒரு உதை உதைத்தது, தொம். அவன் உள்ளங்காலில் அந்த அதிர்வு ஏறியது. விட்டுவிடு, அம்பை விடு, இதைவிடப் பக்கத்தில் ஒரு மான் உன் ஜென்மத்தில் நிற்காது. விடாதே, கடக்கட்டும், அவளுக்காக. விட்டால் என்ன, மேல விழுந்து புடுங்காம இருந்தாச் செரி. கடந்து போ, வலம் போ. உன்னைப் புரட்டாசி சனிக்கிழமையில் அடிக்க நான் என்ன பாவியா? பெருமாள் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் இந்நேரம் மாவிளக்குப் போட்டிருப்பாள், துளசி வாங்கி வைத்திருந்தாள். வருஷா வருஷம் புரட்டாசி சனிக்கிழமையில் வில்லைத் தொடாதே என்பவள், போ என்றாள். புரட்டாசி சனிக்கிழமையில் போ என்றாள். ஏன் போ என்றாள்? ஃபோன் வருகிற நாளில் ஏன்? தனியாக இருக்கிற நேரத்தில் அந்த ஃபோன் வந்தால் பயமாக இருக்காதா, டிங் டிங், அழைத்ததற்கு நன்றி, நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர், எங்கள் அலுவலகம் இப்போது மூடியிருக்கிறது, நாங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை...

திங்கள் முதல் வெள்ளி வரை. அவன் கூப்பிட்ட அந்த நாளும் ஒரு சனிக்கிழமைதான். புரட்டாசி சனிக்கிழமை, புரட்டாசி சனிக்கிழமை என்று காலையிலிருந்து ஓயாமல் நினைத்தவன் ஒரு தடவைகூட இதை வெறும் சனிக்கிழமை என்று நினைக்கவில்லை. சனிக்கிழமை அங்கே ஆள் கிடையாது. இன்றைக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை. யாரும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கவும் முடியாது. அவளுக்கு நேற்றே வந்துவிட்டது. குழாய் ஓடிக்கொண்டிருந்ததே, அப்போதே. நல்ல சேதியாக இருந்தால் குழாயை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்திருப்பாள். இது நல்லதில்லை, அதனால்தான் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, வாசல் வரை வந்து, போயிட்டு வாங்க என்றாள். அம்பை விடாமலே நாணைத் தளர்த்தினான். வில்லின் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் சுழன்று அது வெடுக்கென்று உதறியது. பெட்டை விருட்டென்று சீறியது, ஊதல் மாதிரி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே தாவில் திரும்பியது. வந்த வழியே, இடது பக்கம், சோளக்காட்டுக்குள். அவன் எழுந்து நின்றான். மூக்கைச் சொறிந்துகொண்டான். இனி அசையலாம், எவ்வளவு வேண்டுமானாலும் அசையலாம். விரல்தான் ஃபோனில் அவள் பெயரைத் தொட மாட்டேன் என்றது. தொட்டான்.

உடனே எடுத்தாள். "மாமா! மான் கெடச்சுதுங்களா?"

"இன்னைக்குச் சனிக்கிழமை, ரங்கா."

"ஆமாங். மாவெளக்கு இப்பத்தான் எறக்கி வெச்சன்."

"ஆஸ்பத்திரியில ஆரும் இருக்க மாட்டாங்களே ரங்கா."

அந்தப் பக்கம் பூஜை அலமாரிக் கதவு கிரீச்சிட்டது. தலைக்கு மேலிருந்து ஓக் கொட்டை ஒன்று அவன் தோளில் விழுந்து உருண்டது.

"அதேதானாம் மாமா," என்றாள். அந்த நோயின் பேரை அவள் சொல்லவில்லை, பின்னாலும் சொன்னதில்லை. "நேத்து நீங்க வர்றதுக்குச் செத்த முன்னாடித்தான் கூப்புட்டாங்க. சின்னதா இருக்கறப்பவே கண்டுபுடிச்சுட்டமுன்னாங்க. திங்கக்கெழம ரெண்டு பேரும் வரச் சொல்லீருக்காங்க."

"என்கிட்ட ஏன் சொல்லுல?"

"ஒரு நாளு வேணும்னு இருந்துச்சு மாமா. நீங்க எதுத்தாப்புல இருந்தா எனக்கு அழுவ வராது. உங்களத் தேத்தறதுக்கே பொழுது பத்தாது." மூக்கை உறிஞ்சினாள். "இப்பத்தான் அழுது முடிச்சன். மொகம் கழுவிட்டுத்தான் வெளக்கே போட்டன்."

அவனுக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு அழக்கூட இடம் விடாமல் வீடு பூராவும் நடந்திருக்கிறான். என்னவாவது சொல்ல வேண்டும். நான் இருக்கிறேன் என்றோ, பயப்படாதே என்றோ.

"மாமா? இருக்கீங்களா?"

"இருக்கறன்."

"மான் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. பெரிய பெட்டை. நாலு எட்டுத் தூரம்."

"அடிக்குலீங்களா?"

"இல்ல. போயிருச்சு."

அவள் கேட்டாள், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கின ஒரு சின்னக் குரலில், அந்தக் குரலை அவன் கல்யாணமான புதிதில் கேட்டதுதான். "எந்தப் பக்கம் மாமா போச்சு?"

அறவாழி சோளக்காட்டைப் பார்த்தான். மான் நுழைந்த இடத்தில் தட்டைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"வலம் போச்சு, ரங்கா."

"எடப்பக்கமிருந்து வலப்பக்கமா? நல்லாப் பாத்தீங்களா?"

ஆக, அப்படித்தான் அது. ஒரு காலையெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டது.

"எடப்பக்கமிருந்து வந்து, எனக்கு எதுக்காலயே கடந்து, வலப்பக்கம் போச்சு," என்றான் ராகுகாலத்தில் பட்டறை திறந்தவரின் மகன். "என் கண்ணால பாத்தன்."

"அப்பச் செரி மாமா," என்றாள் ரங்கநாயகி. "வாங்க."